பேராக் ஆற்றோரமாகக் காரில்: பாகான் டத்தோ முதல் தெமெங்கோர் வரை

#1 புங்கோல்_நாலுசக்கரம்
வணக்கம். நவம்பர் கடைசி வாரம், பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பேராக் ஆற்றை ஒட்டிக் காரில் போகத் திட்டம். 1.5 லிட்டர் ஆட்டோ கியர், டேங்க் 42 லிட்டர், சிங்கப்பூர்ப் பதிவு. நான்கு பேர், ஒருவருக்கு வயது 70, ஒருவர் சுத்த சைவம். ஓட்டுவதற்கு இரண்டு பேர். கையில் நான்கு நாள், மூன்று இரவு. ஆற்றங்கரை ஊரான கோலகங்சார் என்று போட்டால் ஜிபிஎஸ் நெடுஞ்சாலையிலேயே கொண்டுபோகிறது. ஆறு கண்ணில் படவே படாது போலிருக்கிறது. எங்கே இறங்குவது, எந்தக் கரையில் போவது, எதை விடுவது?

#2 ஆற்றோடி
ஜிபிஎஸ் சொல்படி போனால் கோலகங்சாருக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தில் அரை நிமிடம் ஆறு தெரியும். அத்தோடு சரி. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்கிற கதை.

பேராக் ஆற்றின் நீளம் ஏறக்குறைய 400 கி.மீ. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்தது இதுதான். தாய்லாந்து எல்லைக் காடுகளில் பிறந்து, நான்கு அணைகளைத் தாண்டி, பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கார்ப் பயணத்துக்கு அதை மூன்று துண்டாகப் பார்க்கவேண்டும்.

கீழ்த்துண்டு: பாகான் டத்தோ, தெலுக் இந்தான். ஆறு அகலம், நிறம் கலங்கல், இரு பக்கமும் செம்பனையும் தென்னையும்.
நடுத்துண்டு: தெலுக் இந்தான், கம்போங் காஜா, பாசீர் சாலாக், போத்தா, பாரிட், கோலகங்சார். சுமார் 120 கி.மீ. உண்மையான ஆற்றோரச் சாலை இதுதான். நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். ஆனால் நிறுத்தாமல் ஓட்டுவதற்கு இந்தச் சாலைக்கு வரவேண்டியதில்லை.
மேல்துண்டு: கோலகங்சார், லெங்கோங், கிரிக், தெமெங்கோர் ஏரியிலுள்ள பண்டிங். கூட்டரசு சாலை 76, அதன்பின் சாலை 4. இங்கே ஆறு ஏரியாகிவிடும்.

நெடுஞ்சாலையை பீடோரில் விடுங்கள். அங்கிருந்து மேற்கே தெலுக் இந்தான் 40 கி.மீ. சொச்சம். அங்கே முதல் இரவு. மறுநாள் காலையிலிருந்து ஆற்றுக்கு எதிராக மேலே ஏறுங்கள்.

#3 பெட்ரோல்முள்
வழிக்கு முன்னாடி வாசல். எல்லையிலேயே மாட்டுறவங்கதான் அதிகம், அதனால இதை முதல்ல எழுதிடறேன்.

1) முக்கால் டேங்க். சிங்கப்பூர்க் கார் வெளியேறும்போது முள் முக்காலுக்குக் கீழ இருக்கக்கூடாது. 1991லேருந்து இதான் சட்டம். 500 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும் அபராதம், வண்டியையும் திருப்பி விட்டுடுவாங்க.

2) விஇபி. மலேசிய வாகன நுழைவு அனுமதி. 2025 ஜூலை 1லேருந்து கண்டிப்பா பாக்குறாங்க. இல்லேன்னா 300 ரிங்கிட், கட்டினாத்தான் வெளிய விடுவாங்க. ஒட்டுவில்லை கையில இருந்தா போதாது, ஒட்டியிருக்கணும், பதிவைச் செயல்படுத்தியும் இருக்கணும். விண்ணப்பத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே உட்காருங்க. பதிவுப் பத்திரத்துல உள்ள பேரும் விண்ணப்பத்துல உள்ள பேரும் ஒரு எழுத்து மாறினாக்கூடத் திரும்பி வரும். நம்ம ஆளுங்களுக்கு அப்பா பேரு முன்னாடியா பின்னாடியாங்கிற குழப்பம் எப்பவும் உண்டு.

3) டச் அண்ட் கோ அட்டை. நுழையும்போது சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், அப்புறம் டோல். அட்டையில 150 ரிங்கிட்டுக்குக் குறையாம வச்சுக்கோங்க. டோல் சாவடித் தடத்துல பணம் நிரப்ப முடியாது. எந்த அட்டையில உள்ள போனீங்களோ அதே அட்டையில வெளிய வரணும். உள்ள போகும்போது ஆர்எஃப்ஐடி (வண்டியில ஒட்டுற டோல் வில்லை), வெளிய வரும்போது அட்டைன்னு மாத்தினா நுழைஞ்ச இடம் தெரியாம தடுப்பு தூக்காது. பின்னாடி ஹாரன் கச்சேரி.

4) எண்ணெய். வெளிநாட்டு வண்டிக்கு ரான் 95 பெட்ரோல் அடிக்கக்கூடாது. 97தான். பெரிய நிலையங்கள்ல கிடைக்கும். சின்னக் கிராமத்து நிலையத்துல 95ம் டீசலும் மட்டும் இருக்கலாம். அதனால "முள் இறங்கினா பாத்துக்கலாம்"கிறது மேல்துண்டுல செல்லாது.

உங்க கணக்கு: 42ல முக்கால் 31.5 லிட்டர். லிட்டருக்கு 15 கி.மீ.ன்னு வச்சா 470 கி.மீ. உட்லண்ட்ஸ்லேருந்து பீடோர் சுமார் 460. காகிதத்துல சரியா வரும், சாலையில வராது. நாலு பேர், பெட்டி, ஏசி, 110ல ஓட்டம், எல்லாம் சேர்ந்தா லிட்டருக்கு 13க்கு இறங்கிடும். சிரம்பான் ஓய்வுத்தலத்துலயே நிரப்பிடுங்க.

#4 ஆற்றோடி
நல்ல கணக்கு. ஒன்று சேர்க்கிறேன்: கோலாலம்பூருக்குள் நுழையாதீர்கள். நீலாய் தாண்டி எலைட் நெடுஞ்சாலை, பிறகு என்கேவிஇ நெடுஞ்சாலை, பிறகு வடக்கு. டோல் ஒரே சங்கிலியாகத் தொடரும், இடையில் வெளியேற வேண்டாம். சுங்கை பீசி பக்கம் கை திரும்பினால் நகர நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும்.

#5 புங்கோல்_நாலுசக்கரம்
நன்றி. அப்படியானால் நான்கு நாளில் பாகான் டத்தோ, தெலுக் இந்தான், கோலகங்சார், லெங்கோங், பண்டிங் ஏரி எல்லாம் முடித்து நான்காம் நாள் மாலை புங்கோல் திரும்பலாமா?

#6 பெட்ரோல்முள்
முடியாது.

#7 பெட்ரோல்முள்
காரணமும் சொல்லணும்ல. பண்டிங்லேருந்து கிரிக் 40, கிரிக்லேருந்து கோலகங்சார் 110, அங்கேருந்து ஜொகூர் பாரு 590 பக்கம். மொத்தம் 740. முதல் 150 கி.மீ. மலைச் சாலையும் ஒற்றைத் தடமும், சராசரி 60க்கு மேல வராது. காலை எட்டுக்குக் கிளம்பினாலும் சோறு, கழிவறை, எண்ணெய் எல்லாம் சேர்த்து ராத்திரி எட்டுக்குத்தான் ஜொகூர் எல்லைப் பாலத்துகிட்ட வருவீங்க. விடுமுறை முடியிற ஞாயிறா இருந்தா அதுக்கு மேல வரிசை. 70 வயசுக்காரரைப் பின்சீட்டுல வச்சுக்கிட்டு இது வேண்டாம்.

ஒண்ணு, அஞ்சு நாளாக்கி நாலாவது இரவு ஈப்போவுல தங்குங்க. இல்லேன்னா பண்டிங்கை விட்டுட்டு லெங்கோங்கோட திரும்புங்க. எல்லாரும் தப்பு பண்றது இந்த இடத்துலதான்.

#8 ஆற்றோடி
பாகான் டத்தோவையும் யோசிக்கவேண்டும். தெலுக் இந்தானிலிருந்து போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆற்றின் வாயைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் நான்கு நாள் திட்டத்தில் அது அரை நாளைத் தின்றுவிடும். விட்டுவிடலாம் என்பேன்.

#9 கல்வெட்டு
விடலாம், ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடலாம். பேராக் சுல்தான்களின் கதை தொடங்குவது ஆற்றின் வாயிலுள்ள பெத்திங் பெராஸ் பாசா மணல்திட்டில். மலாக்கா வீழ்ந்தபின் அந்த அரச மரபில் வந்த முசாஃபர் ஷா 1528-இல் பேராக்கின் முதல் சுல்தானானார். அதன்பின் அரண்மனைகள் ஆற்றங்கரையில் இடம் மாறிக்கொண்டே இருந்தன. சுல்தான்களின் கல்லறைகள் இன்று ஆற்றின் இரு மருங்கிலும் சிதறிக் கிடப்பது அதனால்தான். நடுத்துண்டில் ஓட்டும்போது "மக்காம்" என்று தொடங்கும் பழுப்புப் பலகைகள் தெரிந்தால் அவை அரசர் கல்லறைகள்.

இனி நம்மூர்ச் சங்கதி. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிளார்க் கீயில் நடக்கிறோமே, அந்தப் பெயர் ஆண்ட்ரூ கிளார்க்குடையது. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்து 1874 ஜனவரி 20-இல் பங்கோர் உடன்படிக்கையை முடித்தவர். அதன்படி பேராக்கில் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரியாக, அமர்ந்தவர் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச். சிராங்கூன் சாலைப் பக்கம் பர்ச் ரோடு என்று சின்னத் தெரு இருக்கிறதே, அவர்தான். வரி வசூலிலும் கடன் அடிமை முறையிலும் உள்ளூர்த் தலைவர்களை மதிக்காமல் கைவைத்ததால் 1875 நவம்பர் 2-இல் பாசீர் சாலாக்கில், ஆற்றங்கரைக் குளியலறையில், உள்ளூர்த் தலைவர் மகாராஜா லேலாவின் ஆட்களால் கொல்லப்பட்டார். மகாராஜா லேலா 1877-இல் தூக்கிலிடப்பட்டார். பேராக் சுல்தான் அப்துல்லா சேஷல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். தெலுக் இந்தானின் பழைய பெயர் தெலுக் ஆன்சன். தஞ்சோங் பகாரில் உள்ள ஆன்சன் ரோட்டுக்கும் அதே பிரிட்டிஷ் அதிகாரி ஆன்சன்தான். ஊர்ப்பெயரை 1982-இல் மாற்றிவிட்டார்கள், நம் சாலைப்பெயர் அப்படியே இருக்கிறது. இங்கே தெருப்பெயர் போட்ட கை அங்கே ஆற்றைப் பிடித்த கை.

#10 சாம்பார்வாளி
சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை வைத்துக்கொண்டே பேராக் சரித்திரம் படிக்கலாம் போலிருக்கே!

#11 ஆற்றோடி
இரண்டாம் நாள், தெலுக் இந்தானிலிருந்து கோலகங்சார் வரை, இடம் இடமாக.

காலை 8: சாய்ந்த கோபுரம். 1885-இல் லியோங் சூன் சோங் கட்டியது, உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த்தொட்டி, கீழே ஆற்று வண்டல். பாரமும் இளகிய மண்ணும் சேர்ந்து சாய்த்துவிட்டன. கால் மணி நேரம் போதும். ஆற்றுத்துறை நடக்கும் தூரம்.

காலை 9.30: பாசீர் சாலாக் சரித்திர வளாகம். மரவேலைப்பாடு கொண்ட பழைய "ரூமா கூத்தாய்" வீடுகளும் காட்சிப்பொம்மைகளோடு ஒரு வரலாற்றுச் சுரங்கக்கூடமும் உண்டு. ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நண்பகலுக்கு முன் முடியுங்கள். தொழுகை நேரத்தில், ஏறக்குறைய 12.15 முதல் 2.45 வரை, அரசு நடத்தும் இடங்கள் மூடியிருக்கும்.

நண்பகல்: போத்தா. ஆற்று ஆமை வளர்ப்பு மையம் போத்தா கானானில் இருக்கிறது. "துந்தோங்" என்று சொல்வார்கள். முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விடும் இடம். இங்கே ஒரு எச்சரிக்கை. கானான் என்றால் ஒரு கரை, கிரி என்றால் எதிர்க்கரை. போத்தா கானான், போத்தா கிரி. லம்போர் கானான், லம்போர் கிரி. ஜிபிஎஸ்ஸில் வெறும் "போத்தா" என்று போட்டால் எந்தக் கரை என்பது அதன் இஷ்டம். தப்புக் கரையில் போய் நின்றால் எதிரே 200 மீட்டரில் இடம் தெரியும், பாலத்துக்குத் திரும்பிச் சுற்றி வரவேண்டும். நடுத்துண்டில் பாலங்கள் அருகருகே இல்லை. ஆகவே இடங்களின் பெயரைப் போடாமல் வரைபடத்தில் புள்ளியைக் குத்திச் சேமித்துவிடுங்கள்.

போத்தாவுக்கு வடக்கே, பாரிட் தாண்டி, சாலை ஒடுங்கி ஆற்றோடு ஒட்டிக்கொள்ளும். மணல் அள்ளும் இடங்களிலிருந்து லாரிகள் திடீரென ஏறும். வேகம் 60 போதும். இந்தத் துண்டுக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம், அவசரப்படாதீர்கள்.

#12 டயர்க்காரர்
சாலையைப் பத்திப் பேசறதால டயரையும் சொல்லிடறேன்.

புது சிங்கப்பூர்க் கார்ல நிறைய வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. ஒரு குப்பி பசையும் ஒரு காத்துப் பம்பும் மட்டும். ஆணி குத்தினா அந்தப் பசை பிடிக்கும். பக்கச்சுவர் கிழிஞ்சா பிடிக்காது. செம்பனை லாரியும் மணல் லாரியும் ஓடுற சாலையில ஓரம் உடைஞ்சு பள்ளமா இருக்கும், அங்க பக்கச்சுவர்தான் அடிபடும். உங்க ரிம் 17, 18 அங்குலம், டயர் தட்டையா இருந்தா இன்னும் மோசம். அதனால:

குப்பியின் காலாவதித் தேதியைப் பாருங்க. அச்சிட்டிருக்கும், யாரும் பாக்கிறதில்லை.
டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டினா மேல்வரி தேயாம நல்லா இருந்தாலும் மாத்திட்டுப் போங்க.
நாலு பேர், பெட்டின்னா ஓட்டுநர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற "முழுப் பாரம்" அழுத்தத்துக்குக் காத்து அடிங்க. குளிர்ந்த டயர்ல, காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அளக்கணும். 300 கி.மீ. ஓட்டிட்டு ஓய்வுத்தலத்துல அளந்தா சூட்டுல கூடுதலாக் காட்டும். அதைப் பாத்து இறக்கிட்டீங்கன்னா மறுநாள் காலையில குறைவா நிக்கும்.
பள்ளம் தவிர்க்க முடியலேன்னா பள்ளத்துக்கு முன்னாடி பிரேக்கை விட்டுடுங்க. பிரேக் மிதிச்சபடி விழுந்தா முன்பக்கம் தாழ்ந்து முழு அடியும் டயருக்கு.

#13 மழைமானி
நவம்பர் கடைசி என்றீர்கள். பேராக்கின் மேற்குப் பகுதிக்கு அக்டோபர், நவம்பர்தான் மழை கொட்டும் மாதங்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் இடி மழை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஓட்டம் காலையில், தங்கல் நான்கு மணிக்குள்.

ஆற்றின் நிலை அறிய மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் "பப்ளிக் இன்ஃபோபஞ்சீர்" தளம் உண்டு. மாநிலத்தில் பேராக்கைத் தேர்ந்தெடுத்து ஆற்று மட்டம் பாருங்கள். "வஸ்படா" விழிப்பு, "அமாரான்" எச்சரிக்கை, "பஹாயா" அபாயம். நடுத்துண்டில் எந்த நிலையமாவது அமாரானில் இருந்தால் ஆற்றோரச் சாலையை மறந்துவிட்டு ஈப்போ வழியாகக் கோலகங்சார் போங்கள். வெள்ளம் சாலையில் ஏறும்போது ஆழம் தெரியாது. கலங்கல் நீரில் ஓரம் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. முன்னே லாரி போனதே என்று பின்னால் போகக்கூடாது. லாரியின் காற்று உறிஞ்சும் வாய் உங்கள் கார் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, உங்களுடையது முகப்பு விளக்கு உயரத்தில். இயந்திரம் தண்ணீரை இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். நின்றுபோன பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் முழுக் கொலை.

இன்னொன்று, மணல்திட்டு. கோலகங்சாருக்குக் கீழே வெள்ளை மணல்திட்டுகள் அழகாக இருக்கும், பிள்ளைகள் இறங்க ஆசைப்படுவார்கள். மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று வரிசையாக நான்கு நீர்மின் அணைகள். செண்டரோதான் மூத்தது, 1930-இல் வந்தது. மின்தேவைக்கேற்ப நீர் திறப்பு கூடும் குறையும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் ஆறு ஏறலாம். கீழ்த்துண்டில் முதலையும் உண்டு. இறங்காதீர்கள்.

#14 புங்கோல்_நாலுசக்கரம்
சரி, பண்டிங்கை எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கோலகங்சாரும் லெங்கோங்கும், மூன்றாம் இரவு ஈப்போ. கோலகங்சாரில் தங்கினால் நல்லதா?

#15 ஆற்றோடி
இரண்டாம் இரவு அங்கேயே தங்குங்கள். விடுதிகள் குறைவு, முன்பதிவு வேண்டும். கிடைக்காவிட்டால் தைப்பிங், 35 கி.மீ.

#16 கல்வெட்டு
கோலகங்சாரில் பார்க்கவேண்டியவற்றில் என் வரிசை ஊர்ச் சுற்றுலாத் துண்டறிக்கையின் வரிசை அல்ல.

முதலில் ரப்பர் மரம். மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலி போட்டு நிற்கிறது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதை ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறையில் இன்னும் நிற்கும் மரம் இது. மீதிக் கன்றுகளில் பெரும்பாலானவை வளர்ந்தது நம் தாவரவியல் பூங்காவில். அங்கேதான் பின்னாளில் ஹென்றி ரிட்லி பட்டையை மீன்முள் வடிவில் சீவி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பால்மரக்காட்டுக்கு நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்த தொழிலின் வேர் இந்த ஒன்றிரண்டு மரங்கள். பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு கிழட்டு மரம், ஒரு பலகை. ஆனாலும் தமிழர் அதைக் கடந்துபோகக்கூடாது.

இரண்டாவது உபூடியா மசூதி. கட்டடக்கலைஞர் ஹப்பக் வரைந்தது, 1917-இல் முடிந்தது. இடையில் அரச குடும்பத்து யானைகள் சண்டையிட்டு இத்தாலியப் பளிங்கை மிதித்து நொறுக்கியதால் வேலை தள்ளிப்போனது. வெளியார் தொழுகை நேரம் தவிர்த்துப் போகலாம், அங்கி கொடுப்பார்கள்.

மூன்றாவது இஸ்தானா கெனாங்கான். 1926-இல் ஆணி இல்லாமல் கட்டிய மர அரண்மனை. சுவர் மூங்கில் பின்னல், மஞ்சள் கறுப்பு வெள்ளை நிறச் சதுரங்கள். உள்ளே திறந்திருக்கிறதோ இல்லையோ, பார்க்கவேண்டியது வெளிச்சுவரைத்தான்.

#17 ஆற்றோடி
விக்டோரியா பாலத்தை விட்டுவிட்டீர்களே! எங்கோர் பக்கம் காராய் கிராமத்தில், கோலகங்சாரிலிருந்து 10 கி.மீ. அளவில். 1897-இல் தொடங்கி 1900-இல் திறந்த ரயில் பாலம், செங்கல் தூண்கள்மேல் இரும்புச் சட்டகம், 351 மீட்டர். 2002 வரை ரயில் ஓடியது. ஓரத்தில் நடைபாதை உண்டு, ஆற்றின் நடுவில் நிற்க இதைவிட நல்ல இடம் இல்லை. மோட்டார்சைக்கிளும் அதே நடைபாதையில் வரும், ஒதுங்கி வழிவிடவேண்டும். பழைய தண்டவாளத்தில் கட்டைகளுக்கு இடையே சந்து இருக்கிறது, 70 வயதுக்காரரை அதில் நடக்கவிடாதீர்கள். பக்கத்துப் புதுப் பாலத்தில் மின்ரயில் ஓடுகிறது, 25,000 வோல்ட். படத்துக்காக அந்தப் பக்கம் ஏறும் ஆட்கள் இருக்கிறார்கள், வேண்டாம்.

#18 சாம்பார்வாளி
சாப்பாட்டை யாரும் பேசவில்லை. சைவக்காரருக்குத் தெலுக் இந்தானும் ஈப்போவும் பிரச்சினையில்லை, வாழையிலைக் கடைகள் உண்டு. கோலகங்சார் தாண்டினால் கஷ்டம். லெங்கோங்கில் ஆற்றுமீன்தான் ராஜா. "சைவம்" என்றால் மீன் குழம்பை ஊற்றாமல் வெறும் சோறு வரும், கீரையில் பெலச்சான் (இறால் விழுது) இருக்கும். "தா போலே பெலச்சான், தா போலே ஈக்கான் பிலிஸ்" என்று இரண்டையும் சொல்லவேண்டும். நெத்திலியை அசைவமாக யாரும் நினைப்பதில்லை! மூன்றாம் நாளுக்கு மட்டும் பொடி தடவிய இட்லியோ புளிச்சோறோ கையில் இருந்தால் நிம்மதி. தயிர்சோறு வேண்டாம், காரில் நான்கு மணி நேரத்தில் புளித்துவிடும்.

அசைவக்காரர்களுக்கு: லெங்கோங் பக்கத்து ஈக்கான் பெக்காசாம். ஆற்றுமீனை உப்பிட்டு, வறுத்துப் பொடித்த அரிசியில் புளிக்கவைத்தது. பொரித்தால்தான் ருசி. வாங்கி வருவதானால் இரண்டு உறை, பிறகு மூடியுள்ள டப்பா. காரில் ஒருமுறை சிந்தினால் விற்கும்வரை வாசனை போகாது.

ஈப்போவில் புந்தோங் போய்க் கச்சாங் பூத்தே வாங்குங்கள். முறுக்கும் கடலையும் போடும் குடும்பங்கள் எட்டயபுரம் பக்கத்து வேர் கொண்டவை.

#19 மழைமானி
கோலகங்சாரில் இன்னொரு சாமான், லாபு சாயோங். சுரைக்காய் வடிவக் கறுப்புத் தண்ணீர்க்குடுவை, எதிர்க்கரைச் சாயோங் கிராமத்தில் செய்வது. சுட்டு எடுத்துச் சூடாக உமியில் புதைப்பதால் கறுப்பு. தண்ணீர் குளிர வேண்டுமானால் வார்னிஷ் பூசாத குடுவையாகக் கேளுங்கள். பூசினால் துளை அடைபடும், கசிவு இல்லை, கசிவு இல்லையென்றால் குளிர்ச்சியும் இல்லை. நம் மண்பானைக் கணக்குத்தான். முதல் சில நாள் நீர் நிரப்பிக் கொட்டுங்கள், உமிச்சாம்பல் மணம் போகும். காரில் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடைவது எப்போதும் அங்கேதான்.

#20 பெட்ரோல்முள்
திசை விஷயத்துல ஆற்றோடி அண்ணனோட எனக்கு ஒத்துப்போகலை. மேலேருந்து கீழ இறங்கறதுதான் நல்லது. முதல் நாள் உடம்பு புத்துணர்ச்சியா இருக்கும்போது நெடுஞ்சாலையில கோலகங்சார் வரைக்கும் ஒரே மூச்சா போயிட்டு, அப்புறம் ஆத்தோட போக்குல தெக்கே இறங்கினா ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கிட்ட வர்றீங்க. கடைசி நாள் தெலுக் இந்தான்லேருந்து சிங்கப்பூர் 500 கி.மீ.தான்.

#21 ஆற்றோடி
தூரக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, தம்பி. ஆனால் முதல் நாள் கோலகங்சார் என்றால் 600 கி.மீ. எல்லை வரிசையில் இரண்டு மணி போனால் இருட்டில்தான் போய்ச் சேருவார்கள். தெலுக் இந்தான் என்றால் தாமதமானாலும் வெளிச்சம் மிஞ்சும். கடைசி நாளில் ஈப்போவிலிருந்து திரும்பினால் 550, முழுக்க நெடுஞ்சாலை. இரண்டு பேர் ஓட்டினால் தாங்கும்.

இன்னொரு காரணம் ஆறே. மேலே ஏற ஏறக் கலங்கல் தெளியும், தட்டை நிலம் குன்றாகும், கடைசியில் சுண்ணாம்புக்கல் மலை. கீழே இறங்கினால் நல்லதை முதல் நாளே பார்த்துவிட்டுச் செம்பனைக்குள் முடிப்பீர்கள்.

#22 பெட்ரோல்முள்
சரி, அதிகாலை நாலரைக்கு உட்லண்ட்ஸ் தாண்டினா உங்க பக்கம், காலை ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பீங்கன்னா அதுவும் உங்க பக்கம்தான். ஒத்துக்கறேன்.

#23 கல்வெட்டு
லெங்கோங் பற்றி. கோலகங்சாரிலிருந்து சாலை 76-இல் 50 கி.மீ. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபிடம். வழியில் ராபான் ஏரி, அதுவும் செண்டரோ அணை தேக்கிய ஆறுதான். கோத்தா தம்பானில் கற்கருவி செய்த பட்டறைத் தடம் கிடைத்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை உமிழ்ந்த சாம்பல் இந்தப் பள்ளத்தாக்கிலும் படிந்திருக்கிறது. குனோங் ருந்து குகையில் கிடைத்த "பேராக் மனிதன்" எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. பிறவியிலேயே ஒரு கை ஊனம். அப்படிப்பட்டவரைப் பேணி வளர்த்து, மதிப்போடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நடைமுறை: குகைகளுக்குள் கண்டபடி நுழையமுடியாது, மரபுடைமைத் துறையின் அனுமதி வேண்டும். முன்கூட்டிக் கேட்காமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புபவர்கள் அதிகம். கண்காட்சிக்கூடம் திறந்திருக்கிறதா என்றும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

#24 டயர்க்காரர்
அஞ்சு நாள் எடுத்துப் பண்டிங் போறவங்களும் இதைப் படிப்பாங்கங்கிறதால. கிரிக்குக்கு அப்புறம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, 1982ல திறந்தது, மலைச்சாலை. கிரிக்லயே டேங்கை நிரப்புங்க. போன் சமிக்ஞை விட்டு விட்டு வரும், வரைபடத்தை முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க. காலையில மூடுபனி, சாயங்காலம் மழை, ராத்திரி யானை. பகல் பத்துலேருந்து நாலுக்குள்ள ஓட்டி முடிங்க. யானை நின்னா ஹாரன் வேண்டாம், விளக்கை அடிச்சுக் காட்டறதும் வேண்டாம். தூரமாவே நின்னு, பின்னாடி போக இடம் விட்டு, காத்திருங்க.

இறக்கத்துல டி கியர்லயே விட்டு பிரேக் மிதிச்சுக்கிட்டே வர்றதுதான் பெரிய தப்பு. தட்டும் பேடும் சூடேறி, திரவம் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல், எஸ், பி, உங்க வண்டியில எது இருக்கோ அதுக்கு மாத்துங்க. இன்ஜின் சத்தம் கூடும், பயப்படாதீங்க, அது பிடிச்சு நிறுத்துற சத்தம். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைச்சு முழுசா விடுங்க, மறுபடி அழுத்துங்க. தொட்டுக்கிட்டே வராதீங்க. பிரேக் திரவம் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி மாத்துங்க. அது ஈரத்தை இழுத்துக்கும், ஈரம் சேர்ந்தா கொதிநிலை இறங்கிடும்.

#25 சாம்பார்வாளி
அப்படியே மேலே போனால் ஆறு பிறக்கும் இடத்தையும் பார்த்துவிடலாமா?

#26 ஆற்றோடி
நதிமூலம் கேட்கக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். கார் பண்டிங்கோடு நிற்கும். அதற்குமேல் ரோயல் பெலும், 2007-இல் அறிவித்த மாநிலப் பூங்கா. படகு மட்டும்தான், நுழைவு அனுமதி வேண்டும். படகு ஏற்பாட்டாளரிடம் கடப்பிதழ் நகலை முன்கூட்டிக் கொடுத்தால் அவர் எடுத்துவைப்பார், படகுத்துறைக்குப் போய்க் கேட்டால் அன்றைக்குக் கிடைக்காது. ரஃப்லீசியா பூ விரிந்தால் ஒரு வாரம்தான் நிற்கும். "கட்டாயம் பார்க்கலாம்" என்று சொல்லும் விளம்பரத்தை நம்பவேண்டாம்.

#27 புங்கோல்_நாலுசக்கரம்
இறுதித் திட்டம், பிழை இருந்தால் சொல்லுங்கள்.
நாள் 1: அதிகாலை 4.30 உட்லண்ட்ஸ், சிரம்பானில் எண்ணெய், பீடோரில் இறங்கித் தெலுக் இந்தான்.
நாள் 2: பாசீர் சாலாக், போத்தா கானான், பாரிட், மாலை 4-க்குள் கோலகங்சார்.
நாள் 3: காலை ரப்பர் மரம், மசூதி, விக்டோரியா பாலம், பிறகு லெங்கோங், மாலை ஈப்போ.
நாள் 4: புந்தோங், பிறகு வீடு.

#28 ஆற்றோடி
நாள் 3 நெருக்கம். விக்டோரியா பாலம் ஈப்போவுக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறது, அதை லெங்கோங் முடித்துத் திரும்பும்போது வையுங்கள். மழை வந்தால் அதையே விடுங்கள், இரும்பு நடைபாதை வழுக்கும்.

#29 பெட்ரோல்முள்
கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி மூணு. காப்புறுதி மேற்கு மலேசியாவுக்கு இருக்கா, ரெண்டாவது ஓட்டுநர் பேரும் அதுல இருக்கா பாருங்க. வாடகை வண்டின்னா நிறுவனத்தோட எழுத்து அனுமதியும் அந்த வண்டிக்கே விஇபியும் வேணும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்வருகை அட்டை வேண்டாம், இந்தியக் கடப்பிதழ்ல இருக்கிற நிரந்தரவாசிகளுக்கு வேணும், நுழையறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள நிரப்பணும். ஒரே வண்டியில ரெண்டு வகை ஆளும் இருக்கறப்போதான் ஒருத்தரை மறந்துட்டுப் போவாங்க.

விபத்து ஏதாவது ஆனா 24 மணி நேரத்துக்குள்ள அங்கே போலீஸ் புகார், அதே கெடுவுல இங்க காப்புறுதிக்காரருக்கும் தகவல். சின்னக் கீறல்னு சாலையோரத்துலயே காசு கொடுத்து முடிக்காதீங்க.

#30 புங்கோல்_நாலுசக்கரம்
காப்புறுதியில் இரண்டாம் ஓட்டுநர் பெயர் இல்லை. நல்லவேளை கேட்டீர்கள், நாளை சேர்க்கிறேன். பாலத்தை மாலைக்கு மாற்றிவிட்டேன்.